நூல் விடும் சோயா

பாப்பா,

நேற்று வீடியோ காலில் அந்த நாட்டோ டப்பாவை, அதான் ஜப்பான்காரர்களின் புளிக்கவைத்த சோயாவை, திறந்து நீ குச்சியால் கிளறிக் காட்டியதும் சிரித்துவிட்டேன், கோவிச்சுக்காதே. நம் வீட்டில் சாம்பார் கரண்டியோடு நூல் நூலாக எழுந்தால் ஊசிப்போச்சு என்று சிங்க்கில் கொட்டிவிடுவேன், நீ என்னவென்றால் நூல் இன்னும் வரட்டும் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறாய். அப்புறம்தான் யோசித்தேன். சாம்பாரில் எது வந்து உட்கார்ந்தது என்று யாருக்குத் தெரியும், ஆனால் உன் சோயாவில் பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற கிருமியைத் தெரிந்தேதான் கலக்கிறார்கள், 40 டிகிரி சூட்டில் ஒரு நாள் போல வைக்கிறார்கள். மே மாசம் நம் மாம்பலம் சமையலறையில் அதற்கு மெஷினே வேண்டாம்.

சரி, உன் வயிற்றுக்கும், வாயு உண்டாக்கும் சர்க்கரைகளைக் குறைக்க நீ இருக்கும் லோ ஃபாட்மேப் பத்தியத்துக்கும் வருவோம். சோயாவில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சர்க்கரைகள் இருக்கின்றன, நம் சிறுகுடலால் அவற்றை உடைக்க முடியாது, பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் கிருமிக்கு விருந்தாகி வாயுவாக வரும். கொண்டைக்கடலை கதையேதான். இவை தண்ணீரில் கரையும், அதனால் ஊறவைத்த தண்ணீரிலும் வேகவைத்த தண்ணீரிலும் ஒரு பங்கு போய்விடும், மிச்சத்தில் கொஞ்சத்தைப் புளிக்கவைக்கும் கிருமி தின்றுவிடும். மெல்போர்னில் இந்த லோ ஃபாட்மேப் உணவு முறையை உருவாக்கிய மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் டெம்பே என்ற புளித்த சோயா அடையையும், டோஃபு என்ற சோயாப் பனீரில் தண்ணீர் பிழிந்த கெட்டி வகையையும் ஒத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். வழவழ டோஃபுவில் தண்ணீர் பிழிவதில்லை, அதை அள்ளிப் போட்டுக்கொள்ளாதே.

நாட்டோவை முதலில் அரை டப்பா சாப்பிடு, ரெண்டு நாள் பொறுத்துப் பார். கூட வரும் சாஸ் பாக்கெட்டைத் திருப்பிப் படி, பல கம்பெனி ஃப்ரக்டோஸ் சர்க்கரைப் பாகு சேர்க்கிறது. மேலே தூவுகிற வெங்காயத்தாளில் பச்சை மட்டும் போதும், வெள்ளைத் தண்டில்தான் வம்பு இருக்கிறது. புளித்த பண்டத்தில் அலர்ஜி போலப் படுத்தும் ஹிஸ்டமின் சேரும், சாப்பிட்டதும் தலைவலியோ அரிப்போ வந்தால் விட்டுவிடு.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்தப் பத்தியம் 2 முதல் 6 வாரம்தான், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீ எட்டு மாசமாகப் பூண்டைத் தொடவில்லை! பயம் பிடித்துக்கொண்டு நீயே மெலிந்து கிடக்கிறாய். முழுப் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் ரசம் தாளித்துப் பார், பூண்டில் உன் வயிற்றைப் படுத்தும் சர்க்கரை எண்ணெயில் இறங்காது, வாசனை மட்டும் இறங்கும். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கிறதா என்றும் பார்.

வரும்போது அப்பாவுக்கும் நாட்டோ கொண்டுவருகிறேன் என்றாயே, கண்டிப்பாக வேண்டாம். வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தம் கட்டாமல் இருக்க அவர் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார், நாட்டோவில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையை வேலை செய்யவிடாது. கீரையையே நான் அளவு பார்த்துத்தான் வைக்கிறேன். எனக்கு ஒரு டப்பா எடுத்து வா, தயிர் சாதத்தோடு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். மூடியை நன்றாக டேப் ஒட்டு, போன தடவை ஊறுகாய் கொட்டிய பெட்டியில் இன்னும் வாசனை போகவில்லை.

அம்மா