செல்விக்கு, படுக்கும் இடம் பற்றி

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஜூலை கடைசியில் அங்கே அமெரிக்காவில் ராக்கி மலையில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக நீ போனில் சொன்னதிலிருந்து அதே நினைப்புதான். தாராளமாகப் போய் வா. படுக்கும் இடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடும்மா.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலைக்காட்டுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குவோமே, அங்கே நடந்தது இது. ஒரு வருஷம் நல்ல இடம் கிடைக்காமல் ஓடையோர மணல் திட்டில் ஜமுக்காளத்தை விரித்தோம். மெத்தை மாதிரி மணல். அந்தப் பக்கம் வந்த, அந்த மலையிலேயே வாழும் காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் பக்கத்துப் புதரைக் கை காட்டினார். என் இடுப்பு உயரத்தில் காய்ந்த செத்தையும் வேரும் கிளைகளில் சுற்றிக் கிடந்தன. பழைய வெள்ளம் விட்டுப்போன அடையாளம். மனசில்லாமல்தான் மேட்டுக்கு ஏறினோம். எங்கள் தலையில் ஒரு சொட்டு மழை இல்லை. விடிந்து பார்த்தால் திட்டையே காணோம், செக்கச் செவேலென்று தண்ணீர் ஓடுகிறது. மேலே மலையில் பெய்திருக்கிறது.

உங்கள் கொலராடோவிலும் 1976 ஜூலை 31 ராத்திரி இதுதான் நடந்தது. மேலே மலைப் பக்கம் சில மணி நேரத்தில் 12 அங்குலம் வரை மழை கொட்டி, பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் 140 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கூடாரம் போட்டிருந்தவர்களும் அதில் உண்டு.

அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர். தண்ணீரிலிருந்து 200 அடி, அதாவது எழுபது எட்டு, தள்ளிப் போடச் சொல்வார்கள். அது போதாது, மேடாகவும் இருக்க வேண்டும். அதற்காக மொட்டை முகட்டுக்குப் போய்விடாதே, அங்கே மத்தியானமானால் இடி இறங்கும். அப்புறம் அண்ணாந்து பார். வண்டு அரித்துச் செத்த பைன் மரங்கள் அங்கே ஏராளம், காற்றில் சாயும். பச்சை மரமாக இருந்தாலும் பட்ட கிளை தொங்கினால் அதன் கீழே படுக்காதே.

அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள். பெருங்காய வாசனை தூக்கலாக இருக்கிறது. கூடாரத்துக்குள் வைக்காமல், மற்ற சாப்பாட்டோடு கரடி திறக்க முடியாத அந்த டப்பாவில் போட்டு, தூரமாக வை.

திரும்பி வந்ததும் ராத்திரி எந்நேரமானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா