ஆகாஷ்-2: விலையைச் சொன்னவர்கள் பயனைச் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசியக் கல்வி தினமான 2012 நவம்பர் 11-ம் தேதி புதுடெல்லியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, மத்திய அரசு மாணவர்களுக்கு மலிவு விலையில் தரவிருக்கும் ஆகாஷ்-2 டேப்லட் கணினியை வெளியிட்டது முதல், அது பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் வாசகர் கருத்துகளையும் விடாமல் படித்து வருகிறேன். நவம்பர் 28-ம் தேதி நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்திலும் இக்கருவி ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் முன்னிலையில் காட்டப்பட்டுவிட்டது. ஒரு சாரார் இதை இந்திய உயர்கல்வியின் தலையெழுத்தையே மாற்றப்போகும் கருவி என்கிறார்கள். மறு சாரார் சீனாவிலிருந்து வந்த மலிவுச் சரக்கு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். தென் மாவட்டம் ஒன்றில் பாலிடெக்னிக் கல்லூரியில் மின்னணுவியல் கற்பிக்கும் எனக்கு இவ்விரண்டில் எதையும் ஏற்க முடியவில்லை. கருவி மோசமானதல்ல. ஆனால் அதன் பெயரால் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வாக்குறுதி கருவியைவிடப் பல மடங்கு பெரியது. அந்த இடைவெளியை நிரப்புவது யார் பொறுப்பு என்று இதுவரை எவரும் சொல்லவில்லை.

முதலில் கருவிக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். 2011 அக்டோபர் 5-ம் தேதி அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட முதல் ஆகாஷில் 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி ராமும் இருந்தன. அதன் தொடுதிரை அழுத்தத்தால் இயங்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், விரலால் தடவினால் போதாது, நகத்தாலோ குச்சியாலோ அழுத்த வேண்டும். அதிலிருந்த ஆண்ட்ராய்டு 2.2 இயங்குதளத்தில் தமிழ் எழுத்துரு கிடையாது. எந்தத் தமிழ் இணையதளத்தைத் திறந்தாலும் வரிவரியாகக் கட்டங்கள்தாம் தெரியும். ஓபெரா மினி உலாவியை நிறுவி, அதன் அமைப்புக்குள் போய், எழுத்துகளைப் படமாக மாற்றிக் காட்டும்படி செய்தால்தான் தமிழைப் படிக்க முடியும். கணினி தெரிந்தவர்கள் அதைச் செய்துகொண்டார்கள். முதன்முதலாக ஒரு கணினியைக் கையில் வாங்கும் மாணவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

ஆகாஷ்-2 இக்குறைகளில் பலவற்றைக் களைந்திருக்கிறது. ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலி, 512 எம்பி ராம், விரல் பட்டதும் இயங்கும் கெபாசிட்டிவ் திரை, ஆண்ட்ராய்டு 4.0 ஆகியவை ஓராண்டுக்குள் வந்திருக்கும் உண்மையான முன்னேற்றங்கள். பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு மும்பை ஐஐடி நடத்திய பயிற்சியில் கலந்துகொண்ட நண்பர் ஒருவரிடம் இருந்த கருவியை வாங்கிப் பார்த்தேன். தமிழ்ப் பக்கங்கள் எழுத்துச் சிதையாமல் தெரிகின்றன. சி, பைத்தான், சைலேப் ஆகியவற்றில் நிரல் எழுதிப் பழக வசதி இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு மாணவர் அனைவரும் ஒரே நேரத்தில் விடை அழுத்தி அனுப்பும் 'கிளிக்கர்' செயலியும் இருக்கிறது. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பாடம் புரியாதவர் எவர் என்று அறிய ஆண்டுக்கணக்கில் திண்டாடும் ஆசிரியனுக்கு அந்தச் செயலியின் அருமை தெரியும். அரசு இதை ஒரு கருவிக்கு 2,263 ரூபாய் கொடுத்து வாங்கி, மானியம் போக 1,130 ரூபாய்க்கு மாணவருக்குத் தரப்போகிறது. கடைகளில் மைக்ரோமேக்ஸ் ஃபன்புக் 6,499 ரூபாய்க்கு அறிமுகமாகியிருக்கும் இதே 2012-ல் இந்த விலைக்கு இவ்வளவு தருவது சிறிய காரியமல்ல.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? விலையை முதலில் நிர்ணயித்துவிட்டு, பயனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் திருப்பதியில் 'சாக்‌ஷாத்' என்ற பெயரில் 10 டாலர் மடிக்கணினி வரப்போகிறது என்று நாடே எதிர்பார்த்தது. வெளியே வந்ததோ மடிக்கணினியே அல்ல, பாடங்களைச் சேமித்து வைக்கும் ஒரு சாதனம். 2010 ஜூலையில் கபில் சிபல் ஒரு மாதிரிக் கருவியைக் கையில் ஏந்தி, விலை 35 டாலர் என்றார். அன்றைய மாற்று மதிப்பில் அது சுமார் 1,600 ரூபாய். 35 டாலர் என்ற அந்த எண்தான் உலகப் பத்திரிகைகளின் தலைப்பானது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்த எண்ணை எட்டிப் பிடிக்கும் ஓட்டம்தான். முதல் ஆகாஷுக்கு எந்தெந்தத் தரச் சோதனைகள் வைப்பது என்பதிலேயே கொள்முதலை மேற்கொண்ட ராஜஸ்தான் ஐஐடிக்கும் தயாரிப்பாளரான டேட்டாவிண்ட் நிறுவனத்துக்கும் தகராறு மூண்டு, திட்டமே மும்பை ஐஐடிக்குக் கைமாற வேண்டியதாயிற்று. ஒரு கருவி எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தாங்க வேண்டும், பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்து தர வேண்டும் என்பவற்றையெல்லாம் எழுதி முடித்த பிறகு விலையைக் கேட்டிருந்தால் அந்தத் தகராறு வந்திருக்காது.

ஆகாஷின் முக்கியப் பயன் என்று மத்திய அரசு எடுத்துக்காட்டுவது என்பிடெல் விரிவுரைகளை. ஐஐடி பேராசிரியர்களின் இந்த வீடியோ பாடங்களை ஒருங்கிணைப்பது நமது சென்னை ஐஐடி என்பதில் எனக்குப் பெருமை உண்டு. என் மாணவர்களையும் பார்க்கச் சொல்லி வருகிறேன். ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ 40 விரிவுரைகள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். ஆகாஷ்-2-ன் மின்கலம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாங்கும் என்று சொல்லப்படுகிறது. அதாவது ஒரு முறை சார்ஜ் செய்தால் மூன்று விரிவுரைகள். நாள் முழுவதும் மின்சாரம் இருக்கும் ஊரில் அது போதும். தமிழ்நாட்டில் இந்த 2012-ல் நிலை என்ன? சென்னையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. சென்னையைத் தாண்டினால் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மின்சாரம் வந்த நேரத்தில் விடுதி அறையில் இருக்கும் ஒரே பிளக் பாயிண்டுக்கு அறையிலுள்ள நால்வரின் செல்போன்களும் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. வீட்டில் இருந்து வரும் மாணவருக்கு மோட்டார் போடுவதும் மாவரைப்பதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். மடிக்கணினியைவிட டேப்லட் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் என்பதால் மின்வெட்டுள்ள ஊருக்கு உண்மையில் இதுதான் பொருத்தமான கருவி. மின்கலம் மட்டும் ஆறு மணி நேரம் தாங்குவதாக இருந்தால். அதற்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகும். அந்தச் சில நூறு ரூபாயைச் செலவிட மனம் வராமல் போனது, விலை என்ற அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இணைய இணைப்பு அடுத்த சிக்கல். மாணவர்களுக்குத் தரப்படும் ஆகாஷ்-2-ல் வைஃபை மட்டுமே உண்டு. கல்லூரி வளாகத்துக்குள் வைஃபை இருக்கும் பெரிய நிறுவனங்களின் மாணவர்களுக்கு இது குறையல்ல. எங்களைப் போன்ற கல்லூரிகளில் ஆய்வகக் கணினிகளுக்கே கம்பி வழி இணைப்புதான். மாணவர்களின் ஊர்களில் பிராட்பேண்ட் வைத்திருக்கும் வீடுகளை எண்ணிவிடலாம். பாடங்களை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டால் இணையமே தேவைப்படாது. உள்ளே இருக்கும் 4 ஜிபி நினைவகத்தில் இயங்குதளம் போக எஞ்சும் இடத்தில் ஒரு முழுப் பாடத்தின் வீடியோக்களை அடக்குவது கடினம். ஆனால் 32 ஜிபி வரை கார்டு போட இடமிருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் அந்தந்தப் பருவத்தின் பாடங்கள் நிரப்பிய கார்டு ஒன்றைக் கருவியோடு சேர்த்துக் கொடுப்பதாக அறிவித்திருந்தால், நான் இந்தக் கடிதத்தைப் பாராட்டுக் கடிதமாகவே எழுதியிருப்பேன்.

பாடங்களைப் படிக்கும் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். ஏ4 தாளுக்காகத் தயாரித்த பிடிஎஃப் கோப்பு ஒன்றை, மின்சுற்றுப் பகுப்பாய்வுக்கான சமன்பாடுகள் நிறைந்த பக்கம், 800-க்கு 480 புள்ளிகள் கொண்ட இந்த ஏழு அங்குலத் திரையில் திறந்து பார்த்தேன். முழுப் பக்கத்தையும் காட்டும்போது கீழ்க்குறி 1-க்கும் 7-க்கும் வேறுபாடு தெரியவில்லை. பெரிதாக்கினால் சமன்பாட்டின் வலப்பக்கம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. இடமும் வலமுமாக இழுத்து இழுத்துத்தான் ஒரு வரியைப் படிக்க முடிகிறது. இது கருவியின் பழுதல்ல, அளவின் இயல்பு. எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவில், இந்த விலையில் இப்படித்தான் இருக்கும். ஆகவே ஏழு அங்குலத் திரைக்கென்றே பாடங்களை மறுபடி அச்சுக்கோத்து வடிவமைக்க வேண்டும். அது மென்பொருளாளர்களும் பாட ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. வெளியீட்டு விழா நடத்துவதைவிடக் கடினமானது.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்து, ஆங்கில விரிவுரைகளின் முன் திகைத்து நிற்கும் மாணவர்களைத்தான் நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு ஐஐடி பேராசிரியரின் ஆங்கிலம் கருவி மாறியதால் மட்டும் புரிந்துவிடாது. வழி இல்லாமலும் இல்லை. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் மென்பொருள் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. பத்து நிமிட அளவிலான சிறு சிறு பாடங்கள், பார்த்துக்கொண்டே தானும் செய்து பார்க்கும் முறையில் அமைந்தவை. ஆகாஷை நடத்தும் நிறுவனமும் அதே மும்பை ஐஐடிதான். அப்பாடங்களைத் தமிழ்நாட்டுக்கு வரும் ஒவ்வொரு கருவியிலும் ஏற்றித் தருவதற்கு ஓர் உத்தரவு போதும் என்றே நம்புகிறேன்.

முதல் ஒரு லட்சம் கருவிகள் பொறியியல் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போகின்றன. தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்குச் 2011 செப்டம்பர் 15 முதல் மாநில அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கி வருகிறது. முழு விசைப்பலகையும் பெரிய திரையும் கொண்ட கணினி கையில் இருக்கும் மாணவருக்கு ஆகாஷ் அவசரத் தேவையல்ல. அந்தத் திட்டத்தில் சேராத சுயநிதிக் கல்லூரிகளில், கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம். 1,130 ரூபாய் கொடுத்து வாங்கவும் அவர்கள் தயாராக இருப்பார்கள். தமிழ்நாட்டுக்கான பங்கு அவர்களுக்கு முதலில் போகட்டும்.

சீனத் தயாரிப்பு என்ற சர்ச்சையைப் பொறுத்தவரை, முதல் தொகுதிக் கருவிகளின் பாகங்கள் சீனாவில் தயாரானதை டேட்டாவிண்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. உலகில் விற்கும் டேப்லட்களில் பெரும்பாலானவை அங்கேதான் தயாராகின்றன. இதை வைத்து மட்டும் கருவியைப் பழிப்பதில் பொருளில்லை. எனக்குள்ள கவலை வேறு. கண்ணாடி உடைந்தால், சார்ஜர் துளை தளர்ந்தால், இராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ இருக்கும் மாணவர் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? உதிரிபாகம் எவ்வளவு நாளில் வரும், என்ன விலைக்கு வரும்? தளர்ந்த சார்ஜர் துளையை மாற்றி வைப்பது எங்கள் கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவர் செய்யக்கூடிய வேலை. உதிரிபாகமும் சுற்று வரைபடமும் தந்தால் மாவட்டத்துக்கு ஒரு பாலிடெக்னிக்கைப் பழுதுபார்க்கும் மையமாக்கிவிடலாம். மாணவர்களுக்குத் தொழிற்பயிற்சி, கருவிகளுக்கு ஆயுள், இரண்டும் ஒருசேரக் கிடைக்கும். இந்த யோசனையை மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்கும் கடிதமாக அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த கட்டமாக 50 லட்சம் கருவிகள் வாங்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இன்றைய விலையிலேயே கணக்கிட்டாலும் அது 1,100 கோடி ரூபாயைத் தாண்டும். அதற்கான ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பாக, இப்போது கொடுக்கப்படும் ஒரு லட்சம் கருவிகளில் ஓராண்டுக்குப் பிறகு எத்தனை இயங்குகின்றன, எத்தனை பழுதாகி முடங்கின, மாணவர்கள் அவற்றில் எந்தப் பாடத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை மும்பை ஐஐடி கல்லூரிவாரியாகத் திரட்டி வெளியிட வேண்டும். அந்த அறிக்கையைக் கேட்டுப் பெறத் தங்கள் நாளிதழ் முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். எங்கள் கல்லூரிக்குக் கருவிகள் வந்தால், அவற்றின் விவரத்தை மாதந்தோறும் குறித்து வைத்துத் தர நானும் என் சக ஆசிரியர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மின்னணுவியல் விரிவுரையாளர்,
பாலிடெக்னிக் கல்லூரி,
விருதுநகர் மாவட்டம்.