ஏற்காடு டூர் கூட்டிட்டுப் போற ஹிஸ்டரி டீச்சர்களுக்கு

சேலத்துல வரலாறு பாடம் எடுக்கற டீச்சர், சார் எல்லாருக்கும் வணக்கமுங்க.

வருசா வருசம் டூர்னா பசங்கள பஸ்ல ஏத்தி ஏற்காடு கூட்டிட்டுப் போறீங்க, போட் ஹவுஸ், லேடீஸ் சீட், ஏரி ஓரமா மொளகா பஜ்ஜி, ஒரு குரூப் போட்டோ, இருட்டறதுக்குள்ள அடிவாரம். தப்பே இல்லைங்க, பசங்களுக்கு அதுதான் ஜாலி. அதுல பாதி நாள மட்டும் வேற மாதிரி செலவு பண்ணுங்கன்னு கேக்கத்தான் இத எழுதறேன்.

கொஞ்ச நாள் முன்ன அக்கா பையனக் கூட்டிக்கிட்டு கிளியூர் அருவிக்கு எறங்கலாம்னு போயிருந்தேன். மேல போய்ச் சேரவும் மழை புடிச்சிக்கிச்சு, அருவிப் பாதை இப்ப வழுக்கும் போகாதீங்கன்னு டீக்கடைக்காரர் சொல்லிட்டாரு, சரி எங்கயாவது ஒதுங்கலாம்னு ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போனா அங்க ஒரு நினைவுக்கல்லு. ராபர்ட் புரூஸ் ஃபூட். எனக்கு ஒன்னும் தோணல, ஏதோ வெள்ளைக்காரர்னு விட்டிருப்பேன், பையன்தான் "மாமா, இவரு எங்க புக்ல வர்ற ஆளு, பல்லாவரம்"ன்னான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஜியாலஜிகல் சர்வேல வேலை பாத்தவரு, 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்துல ஒரு கைக்கோடரியக் கண்டெடுத்தாரு, நம்ம நாட்டுல பழைய கற்காலம்னு ஒன்னு இருந்துச்சுன்னு அதுக்கப்பறம்தான் பேச்சே ஆரம்பிச்சது. பரிச்சையில ஒரு மார்க். ஆனா அந்த மனுசன் ரிட்டையர் ஆகி வீடு வச்சிருந்தது நம்ம ஏற்காட்டுல, 1912-ல கல்கத்தாவுல இறந்தும் நினைவுக்கல்லு இருக்கறது இங்கன்னு எத்தன பசங்களுக்குத் தெரியும்? அவரு மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலர வச்சுக்கிட்டு பைபிளத் தமிழ்ல கொண்டுவந்தவரு, ஆறாயிரத்துக்கும் மேல தமிழ்ப் பழமொழியத் தேடித் தொகுத்தவரு, அவரும் கடைசியா இருந்து 1882-ல இறந்தது இதே ஏற்காட்டுலதான். அதனால தமிழய்யாவையும் சேத்தே கூட்டிட்டுப் போங்க, பஸ்ல எப்பிடியும் ரெண்டு சீட்டு காலியாத்தான் இருக்கும்.

மழை விட்டதும் அருவிய விட்டுட்டு சேர்வராயன் கோயில் பக்கமா நடந்தோம். இதத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல சுத்தி ஏறுன மொளகுக் கொடி, ஈர மண்ணு வாசம்னு போயிட்டே இருந்தா நடுவுல ஒரு சின்ன மலைக் கிராமம், ஓரத்துல ஒரு குட்டிப் பிள்ளையார் கோயிலு. பிள்ளையார் காலடியில வழவழன்னு நாலஞ்சு கல்லு, எண்ணெய் ஏறிக் கறுத்துப்போய், மேல மஞ்சளும் குங்குமமும். உள்ளங்கையில அடங்கற சைஸு, ஒரு முனை குறுகி, மறுமுனை விரிஞ்சு உளி வாய் மாதிரி கூரா. புதிய கற்காலத்துக் கோடரிங்க அது. ஏர் ஓட்டறப்ப, மழைக்கு மண்ணு அரிக்கறப்ப கெடைச்சத எடுத்துட்டு வந்து சாமிகிட்ட வைக்கறது சேர்வராயன் மலையில ரொம்ப காலமா உள்ள வழக்கம், ஃபூட்டும் அந்தக் காலத்துலயே இதப் பாத்து எழுதி வச்சிருக்காரு. அங்க இருந்த பெரியவர்கிட்ட தொட்டுப் பாக்கலாமுங்களான்னு கேட்டேன். "தொட்டுக் கும்புட்டுக்க சாமி, எடுக்க மட்டும் கூடாது"ன்னாரு.

பையன் வெரல அந்தக் கூர் மேல வச்சுத் தேச்சுப் பாத்துட்டு, இது செதுக்குனது இல்லியா மாமான்னு கேட்டான் பாருங்க. பல்லாவரத்துக் கல்லு தட்டித் தட்டிச் செதில் எடுத்தது, இது பாறையில போட்டுத் தேச்சுத் தேச்சு வழவழப்பாக்குனது, பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் அவன் வெரலுக்கே தெரிஞ்சிருச்சு. போர்டுல ரெண்டு காலம் பிரிச்சு டேபிள் போட்டு எழுதறீங்களே, அந்தப் பாடம்தானுங்க இது.

அந்த ஊர் பேர இங்க போடல. போட்டா ரீல்ஸ் எடுக்கறவன் முன்னாடி வருவான், கல்லு விக்கறவன் பின்னாடியே வருவான். நீங்க போறதா இருந்தா மேல விசாரிச்சாலே சொல்லுவாங்க, ஊர்ப் பெரியவங்ககிட்ட முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க, கோயிலுக்குள்ள செருப்போட யாரும் ஏறாமப் பாத்துக்கங்க.

அங்கிருந்து சேர்வராயன் கோயில் வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போங்க, ரோடு இருக்கேன்னு பஸ்ல ஏத்தாதீங்க. 5,326 அடி உயரம், மேல மொட்டையா அகலமா வெட்டவெளி, பேசறது பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காத காத்து. குகைக்குள்ள குனிஞ்சு போனா சேர்வராயனும் காவேரி அம்மனும், அந்தக் குகை காவேரி ஆத்து வரைக்கும் போகுதுன்னு மலை மக்கள் சொல்லுவாங்க. பசங்க நம்பறாங்களோ இல்லையோ, கேள்வி மட்டும் கேட்டுக்கிட்டே வருவாங்க.

இன்னும் வேணும்னு கேக்கறவங்களுக்கு ஃபூட் சேத்த கல்லெல்லாம் எழும்பூர் மியூசியத்துல இருக்கு, அது அடுத்த வருசத்து டூர்னு வச்சுக்கலாம்.

சர்ச்சுக்கு ஞாயித்துக்கிழமை காலையில போகாதீங்க, ஆராதனை நடக்கும், முன்னாடியே ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது. மழைக் காலத்துல அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் கையில இருக்கட்டும். தட்டுவடை செட் கீழயே வாங்கிக் கட்டிக்கங்க, நடக்கற வழியில கடை கெடையாது. மே மாசம் சேர்வராயன் திருவிழா சமயத்துல மட்டும் வேண்டாம், அந்தக் கூட்டத்துல எண்பது பசங்களத் தேடிப் பொறுக்கறது உங்களால ஆவாது.