ஓமாவின் நோட்டைப் படித்துக் கொடுத்தவருக்கு

போன சனிக்கிழமை ஒட்டாவா நூலகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவருக்கு நன்றி. உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

என் கணவரின் பாட்டியை நாங்கள் ‘ஓமா’ என்றுதான் கூப்பிடுவோம். நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிரில் துலிப் கிழங்கைத் தின்று பிழைத்தவர். போருக்குப் பிறகு கனடா வந்தார். அவர் வீட்டிலிருந்து யாரும் வெறும் வயிற்றோடு கிளம்பியதே இல்லை. அவர் போன பிறகு எங்களிடம் மிஞ்சியது டச்சில் எழுதிய சமையல் நோட்டு. எண்ணெய்க் கறை, கோணல் எழுத்து.

நீங்கள் ‘ஓலிபொலன்’ (டச்சுக்காரர்கள் புத்தாண்டுக்கு முந்தின இரவு எண்ணெயில் பொரிக்கும் மாவு உருண்டை) பக்கத்தில் விரலை வைத்து, மாவு, ஈஸ்ட், உலர்திராட்சை என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். அப்புறம் ஓரத்தில் பென்சிலில் இருந்ததையும் படித்தீர்கள்: “பேரனுக்குத் திராட்சை வேண்டாம்.” கணவரிடம் சொன்னதும் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார்.

டிசம்பர் 31 இரவு பொரிக்கப்போகிறேன், ஐயா. அதில் பாதியைத் திராட்சை இல்லாமல்.