தைவான் இரவுச் சந்தையில் சைவர்களும் வயிறாரச் சாப்பிடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் வந்த தைவான் கட்டுரை, இரவுச் சந்தைகளை இரண்டே வரிகளில் முடித்துவிட்டது. சைவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. அசைவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கிச் சாப்பிடலாம். இவ்வளவுதான் அது சொன்னது. இரண்டுமே தவறு. படிப்புக்கும் வேலைக்கும் தைவானுக்கு வரும் பிள்ளைகள் இந்த மாதிரிப் பேச்சை நம்பித்தான் ரொட்டியும் வாழைப்பழமுமாக நாளை ஓட்டுகிறார்கள். இன்னொரு பக்கம், மாடும் பன்றியும் தொடாத குடும்பத்துப் பிள்ளை, கறுப்பாகக் குச்சியில் செருகி வேர்க்கடலைப் பொடி தூவிய பண்டத்தை இனிப்பு என்று நினைத்து வாங்கிவிடுகிறது. அது பன்றி இரத்தத்தையும் பசையரிசியையும் சேர்த்து வேகவைத்த கட்டி. இங்கே வாழ்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களை எழுதுகிறோம். வெளியிட்டால் நான்கு பேருக்குப் பயன்படும்.

முதலில் சைவம். தைவானில் பௌத்தமும் ஈகுவான்தாவ் என்ற சமய நெறியும் வலுவாக வேரூன்றியவை. சைவ உணவு இங்கே அந்நியமான விஷயமே இல்லை. சந்திர மாதத்தின் 1, 15 ஆகிய நாள்களில், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பலர் அசைவத்தை விலக்குகிறார்கள். சைவக் கடையின் பலகையில் ‘ஸூ’ என்ற எழுத்து பெரிதாக இருக்கும். மூன்று கிடைக்கோடுகளை ஒரு செங்குத்துக்கோடு வெட்டும், அதன் கீழே நூல் முடிச்சுப் போன்ற உறுப்பு தொங்கும். பக்கத்தில் பல நேரம் ஸ்வஸ்திகக் குறியும் இருக்கும். இந்த ஓர் எழுத்தை மனத்தில் பதித்துக்கொண்டாலே பாதிப் பசி தீரும்.

ஆனால் அவர்களுடைய சைவக் கணக்கு வேறு, நம்முடையது வேறு. பொட்டலத்தில் விற்கும் சைவ உணவுக்கு இங்கே சட்டம் ஐந்து பிரிவுகளை வைத்திருக்கிறது: முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்த தாவர உணவு. கடுமையான பௌத்தர்கள் வெங்காயம், பூண்டு போன்ற ஐந்து நெடிப் பொருள்களைத் தொடமாட்டார்கள். (அந்தப் பழைய பட்டியலில் நம் பெருங்காயமும் உண்டு.) ஆகவே ‘ஸூ’ கடையில் பூண்டு இல்லாதிருக்கலாம், முட்டை இருக்கலாம். முட்டை வேண்டாதவர் தனியாகச் சொல்லியாக வேண்டும். ‘வொ ச்சி ஸூ’ என்றால் நான் சைவம் சாப்பிடுபவன். ‘பூ யாவ் தான்’ என்றால் முட்டை வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சைவப் பலகை இல்லாத கடையில் பண்டத்தின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. அது வெந்த எண்ணெயும் குழம்பும், மேலே பூசும் சாறும் எவை என்று பார்க்க வேண்டும். சுட்ட சோளம் சைவம்தானே என்று தோன்றும். அதன் மேல் தூரிகையால் பூசுவது பெரும்பாலும் ஷாச்சா என்ற சாந்து. அதில் கருவாடும் உலர்ந்த இறாலும் அரைபட்டிருக்கும். கூடையில் வேண்டியதை எடுத்துக் கொடுத்தால் சோயாக் குழம்பில் வேகவைத்துத் தரும் ‘லூ வேய்’ கடையில் கீரையும் தோஃபு என்ற சோயாப்பால் கட்டியும் மட்டும் எடுத்தாலும், கோழிக்காலும் குடலும் வெந்த அதே அண்டாவில்தான் அவையும் வேகும். பொரித்த கோழிக் கடையில் பீன்ஸ், காளான் எல்லாம் அழகாக அடுக்கியிருக்கும்; எண்ணெய் ஒன்றே. வெங்காயத்தாள் ரொட்டி நம் பரோட்டாவுக்குக் கிட்டத்தட்ட உறவு. முட்டை போடச் சொன்னால்தான் போடுவார்கள். ஆனால் சில கடைகளில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. ‘யோ ஜூ யோ மா?’ என்று கேளுங்கள், பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று பொருள். ‘மேய் யோ’ என்றால் இல்லை. வெறும் ‘யோ’ என்றால் உண்டு. கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள்.

தைபேயின் நிங்ஷியா சந்தையில் புகழ்பெற்ற பொரித்த சேப்பங்கிழங்கு உருண்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் கிழங்கு. மற்றதின் உள்ளே உப்பிட்ட முட்டை மஞ்சள் கருவும் பன்றி இறைச்சித் துருவலும் இருக்கும். வரிசையில் நிற்கும்போதே எது வேண்டும் என்று விரலால் காட்டிவிடுங்கள். சக்கர வடிவ இனிப்புப் பணியாரத்தின் உள்ளே சிவப்புப் பயறு இருந்தாலும் மேல் மாவில் முட்டை இருக்கும்.

யோசிக்காமல் வாங்கக்கூடியது சர்க்கரைவள்ளி உருண்டை. தனிக் கடையாக, தனி எண்ணெயில் விற்கிறார்கள். பார்க்க எளிது, செய்வது எளிதல்ல. வேகவைத்து மசித்த கிழங்கு 300 கிராமுக்கு மரவள்ளி மாவு சுமார் 150 கிராம், சர்க்கரை 40 முதல் 50 கிராம் என்ற அளவு சரியாக வரும். கிழங்கின் ஈரத்தைப் பொறுத்து மாவு கூடும், குறையும். உருட்டும்போது விரிசல் விழுந்தால் ஒரு தேக்கரண்டி நீர் போதும். கோலிக்குண்டு அளவு உருண்டைகளை 150 டிகிரி செல்சியஸ் அளவிலான மிதமான எண்ணெயில் போட்டு, அவை தாமாக மிதக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் கைவேலை. சல்லடைக் கரண்டியால் உருண்டைகளை வாணலியின் பக்கத்தில் வைத்து மெல்ல அமுக்கி விடுகிறார்கள். அமுங்கியது உப்பி எழும்பும், மறுபடி அமுக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே நீராவி தங்கும் வெற்றிடம் பெரிதாகி, உருண்டை இரண்டு மடங்காக ஊதிவிடுகிறது. மிதப்பதற்கு முன் அமுக்கினால் நசுங்கிப் பிளந்துவிடும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேல்தோல் முதலிலேயே இறுகி, பிறகு எவ்வளவு அமுக்கினாலும் ஊதாது. கடைசியில் தீயைக் கூட்டி அரை நிமிடம் விடுவது தோலை விறைப்பாக்கத்தான். அதைச் செய்யாத கடையின் உருண்டை பைக்குள்ளேயே சுருங்கிப்போகும். வாங்கியதும் காகிதப் பையின் வாயைத் திறந்தே வையுங்கள். மூடினால் ஆவியில் நமுத்துவிடும்.

குளிர்ச்சிக்கு ஐயூ. தைவான் மலைகளில் வளரும் ஒரு கொடி அத்தியின் விதைகளைத் துணியில் முடிந்து, குளிர்ந்த நீரில் 5 முதல் 10 நிமிடம் பிசைந்தால் வழவழப்பான சாறு இறங்கும். அடுப்பே இல்லாமல் அரை மணிக்குள் அது தானாக உறைந்துவிடும். விதையிலுள்ள பெக்டினும் நொதியும் நீரிலுள்ள கால்சியமும் சேர்ந்து செய்யும் வேலை இது. காய்ச்சி வடித்த, கால்சியம் இல்லாத நீரை ஊற்றினால் உறையாது. கையிலோ பாத்திரத்திலோ எண்ணெய்ப் பசை இருந்தாலும் கெட்டுவிடும். அசல் ஐயூ நேரம் போகப்போக நீர்விட்டுக் கரையும். அகர்அகர் போட்ட போலி, கத்தியால் வெட்டினாற்போல விளிம்பு கலையாமல் நிற்கும். எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் சேர்த்துத் தருவார்கள். முழுச் சைவம். சோயாப் பாலை உறையவைத்த ‘தோ ஹுவா’வும் சைவர்களுக்கு நல்லது, வேர்க்கடலை, சிவப்புப் பயறு போட்டு, குளிர்காலத்தில் இஞ்சிப் பாகோடு கேளுங்கள். பப்பாளிப் பால் வாங்கினால் உடனே குடித்துவிட வேண்டும். பப்பாளியின் பப்பெயின் நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதால், அறைக்குக் கொண்டுபோய் வைத்துக் குடித்தால் கசக்கும்.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெல்லிய மாவுத்தாளில் கடலைமிட்டாய்க் கட்டியைச் சீவிப் போட்டு, ஐஸ்கிரீமும் கொத்தமல்லித் தழையும் வைத்துச் சுருட்டித் தரும் பண்டம் பல சந்தைகளில் உண்டு. அதில் கடலை இருப்பது கண்ணுக்குத் தெரியும். பன்றி இறைச்சி வைத்த ஆவிப் பன், காய்கறிச் சுருள் ஆகியவற்றில் கடலைப்பொடி உள்ளே ஒளிந்திருக்கும். ‘ஹுவா ஷெங்’ என்பது வேர்க்கடலை.

இனி அசைவர்களுக்கு. சிப்பி ஆம்லெட் இங்கே பெருமைக்குரிய பண்டம். ஜாங்ஹுவா முதல் தாய்னான் வரையிலான மேற்குக் கரையில் வளர்க்கும் சிறு சிப்பிகளை இரும்புக்கல்லில் வதக்கி, சர்க்கரைவள்ளி மாவு 1 பங்கு, நீர் 2 முதல் 3 பங்கு கரைத்த கரைசலை ஊற்றி, ஓரம் கண்ணாடிபோல் ஆனதும் முட்டையை உடைத்துவிட்டு, கீரையைப் பரப்பித் திருப்புகிறார்கள். மேலே இனிப்பும் புளிப்புமான இளஞ்சிவப்புச் சாறு. கல்லில் தடவுவது பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு. பன்றி விலக்குபவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாவு அடியில் தங்கிவிடும் தன்மை உடையது. ஒவ்வொரு முறையும் கலக்காமல் ஊற்றுகிற கடையில் ஒரு தட்டு நீர்த்துப்போகும், அடுத்தது ரப்பராகும். தட்டில் வந்ததைக் கிள்ளிப் பாருங்கள்: நடுவில் வெள்ளையாக மாவு தெரிந்தால் வேகவில்லை, திருப்பிக் கொடுத்து வேகவைக்கச் சொல்லலாம். சிப்பியின் ஓரம் சுருங்கியிருக்க வேண்டும்.

நாற்றத் தோஃபுவைப் பற்றிக் கட்டுரை கேலியாக எழுதியிருந்தது வருத்தம் தந்தது. கீரைத்தண்டு, மூங்கில்குருத்து போன்றவற்றை நாள்கணக்கில் புளிக்கவைத்த உப்புநீரில் ஊறிய தோஃபு அது. அந்த நீரில் இறால் சேர்ப்பவர்களும் உண்டு, ஆதலால் சைவர்கள் ‘ஸூ’ பலகை இல்லாமல் வாங்க வேண்டாம். முதல்முறை சாப்பிடுபவர் ஆவியில் வெந்ததை விட்டுவிட்டு, இருமுறை பொரித்ததை வாங்குவது நல்லது; நெடி பாதியாகக் குறைந்திருக்கும். நடுவில் குத்திய துளையில் பூண்டுச் சாறு இறங்கியிருக்க, பக்கத்தில் வைக்கும் இனிப்புப்புளிப்பு முட்டைகோஸ் ஊறுகாயோடு சேர்த்து ஒரே வாயில் போட வேண்டும். அந்த ஊறுகாய்தான் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுகிறது.

ராவ்ஹ தெருச் சந்தையில், சியோ கோயிலை ஒட்டிய நுழைவாயிலில் மிளகுப் பன் விற்கும் கடைக்கு எப்போதும் வரிசை நிற்கும். மாவுக்குள் மிளகில் ஊறிய பன்றி இறைச்சியும் வெங்காயத்தாளும் வைத்து, எள் ஒற்றி, தந்தூரி அடுப்புப் போன்ற உருளையின் உள்சுவரில் அறைந்து ஒட்டிச் சுடுகிறார்கள். உள்ளே சாறு கொதித்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் சிறு துளை கடித்து ஆவி போனபின் சாப்பிடாவிட்டால் நாக்கு வெந்துவிடும். இறைச்சி எந்த நாட்டுப் பன்றி என்பதை 2021 ஜனவரி 1 முதல் சிறு கடைகளும் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். கடையில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளே ‘இங்கே பன்றி உண்டு’ என்பதற்கும் அடையாளம். மாட்டிறைச்சி வேண்டாதவர் ‘பு ச்சி நியூ ரோ’ என்றும், பன்றி வேண்டாதவர் ‘பு ச்சி ஜூ ரோ’ என்றும் சொல்லலாம். கோழி மட்டும் உண்பவர்களுக்கு, முகம் அளவுக்குத் தட்டிப் பொரித்த கோழித்துண்டு இருக்கிறது. ‘யாவ் லா மா?’ என்று கேட்பது காரம் வேண்டுமா என்றுதான். நம் நாக்குக்குத் தாராளமாகத் தலையாட்டலாம்.

தேநீர்க் கடையில் சர்க்கரையைச் சொல்லாமல் விட்டால் பாகாகத் தருவார்கள். ‘பான் தாங்’ பாதி, ‘வேய் தாங்’ கொஞ்சம், ‘வூ தாங்’ இல்லவே இல்லை. ‘ச்யூ பிங்’ என்றால் ஐஸ் வேண்டாம். தொடர்க்கடைகளில் சொந்தக் கோப்பையை நீட்டினால் குறைந்தது 5 தைவான் டாலர் தள்ளுபடி உண்டு.

கட்டுரை தாய்னானின் தோட்டச் சந்தை தினமும் நடக்கும் என்றது. இல்லை. அது வியாழன், சனி, ஞாயிறு மட்டும். அதே ஊரின் தாதோங் சந்தை திங்கள், செவ்வாய், வெள்ளி. அங்குள்ள வூஷெங் சந்தை புதன், சனி. காவ்ஷியுங்கின் ருய்ஃபெங் சந்தைக்குத் திங்களும் புதனும் விடுமுறை. தைபேயின் ஷிலின், ராவ்ஹ சந்தைகளுக்கு எந்த நாளும் போகலாம். ஷிலினுக்கு இறங்க வேண்டிய மெட்ரோ நிலையம் ஜியென்தான், ராவ்ஹவுக்கு சோங்ஷான். மாலை 5 மணிக்கு மேல் கடைகள் சூடுபிடிக்கும். வார நாளில் ஆறு மணிக்குள் போனால் புது எண்ணெயும் கிடைக்கும், நெரிசலும் குறைவு.

பெரும்பாலான பண்டங்கள் 40 முதல் 100 தைவான் டாலருக்குள் அடங்கும். 100 டாலர் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். 1,000 டாலர் தாளை நீட்டினால் சிறு கடைக்காரர் திண்டாடுவார். பேரம் வேண்டாம், டிப்ஸ் வழக்கமும் கிடையாது. இருக்கை போட்ட கடையில் ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்ற விதி இருக்கலாம். நால்வர் ஒரு தட்டோடு உட்காராதீர்கள். குப்பைத்தொட்டி எளிதில் கண்ணில் படாது. ஒரு பை கொண்டுபோய், வாங்கிய கடையிலேயே குச்சியையும் கோப்பையையும் திருப்பிக் கொடுங்கள். தைபே மெட்ரோவில் கட்டண வாயிலைத் தாண்டினால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 1,500 முதல் 7,500 தைவான் டாலர். மிச்சத் தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதில் தவறில்லை, உறிஞ்சாதீர்கள்.

தாய்னான் சந்தை நாள்களைத் திருத்தி வெளியிடும்படியும், மேலே தமிழ் எழுத்தில் தந்துள்ள சீனச் சொற்களை வாசகர்கள் வெட்டி வைத்துக்கொள்ளும் வகையில் ஒரு கட்டத்தில் அச்சிடும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தைவான் வாழ் தமிழ் வாசகர்கள்,
சின்ச்சு.