அக்காவுக்கு, உங்கள் விசும்பலை வெட்டி ஒட்டியவன் எழுதுவது

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் போய் இன்றோடு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சாலிகிராமத்து டப்பிங் ஸ்டுடியோவில் எந்தத் தொடருக்காக உட்கார்ந்திருந்தோம், அதில் எந்த நடிகைக்கு நீங்கள் குரல் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு அந்தப் பெயர்கள் வேண்டாம். எனக்கு இன்னும் அதே இடங்களில்தான் வேலை.

உங்கள் இறுதிச் சடங்குக்கு நான் வரவில்லை. அன்றிரவு ஒளிபரப்பாக வேண்டிய பகுதி மாலைக்குள் போயாக வேண்டும். ஒரு காட்சி மட்டும் பாக்கி இருந்தது. கதாநாயகி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, மாமியார் பேசுவதைக் கேட்டு விசும்புகிறாள். வசனம் கிடையாது. இதற்காகப் புதுக் குரலை அழைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்றார்கள். நான் உங்கள் பழைய டிராக்குகளை, உங்கள் குரல் மட்டும் இருக்கும் பதிவுகளை, திறந்தேன். மூன்று மாதங்களுக்கு முன், தாலியைக் கழற்றி வைக்கும் காட்சிக்கு நீங்கள் அழுதது கிடைத்தது. அதிலிருந்து இரண்டு நொடியை வெட்டி, உதட்டசைவுக்குப் பொருத்தி, பின்னணி இசையைச் சற்று ஏற்றினேன். அங்கே உங்களைத் தூக்கிச் சென்றுகொண்டிருந்த நேரத்தில், இங்கே நான் உங்கள் மூச்சின் நுனி துருத்திக்கொண்டு தெரியாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒளிபரப்பானபோது எவருக்கும் எதுவும் தெரியவில்லை. வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்கு அந்தக் கணத்தில் மகிழ்ச்சியாகவே இருந்தது.

வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இரண்டு ஆண்டுகளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். "டப்பிங்னு தெரிஞ்சாலே அது தப்பு" என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தானே? பெங்களூரிலிருந்து வந்த அந்தக் கதாநாயகி பாதி வசனத்தைக் கன்னடத்தில் முணுமுணுத்துவிட்டுப் போவார். நீங்கள் அந்த உதடுகளுக்குள் தமிழைப் பொருத்தி, அது அவருடைய தமிழ்தான் என்று ஊரை நம்பவைத்தீர்கள். நம்பிய ஊர் உங்களுக்காக எப்படி அழும்?

நீங்கள் போனதும் 2023 செப்டம்பரில்தான். அம்மாதம் 8ஆம் தேதி, 'எதிர்நீச்சல்' தொடருக்காக டப்பிங் பேசிக்கொண்டிருந்த நடிகர் மாரிமுத்து மாரடைப்பால் இறந்தார். தமிழ்நாடே துக்கப்பட்டது, துக்கப்பட வேண்டிய மனிதர்தான். ஆனால் அவருக்கு முகம் இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில், சூர்யாவுக்கும் அஜித்துக்கும் தெலுங்கில் குரலாக இருந்த சீனிவாச மூர்த்தி சென்னையில் மறைந்தபோது, சூர்யா இரங்கல் எழுதினார். உங்களுக்காக அப்படி இரண்டு வரி எழுதக்கூடியவர் ஒருவர் உண்டு. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. யாரும் அவரிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். சம்பள பாக்கியைப் பற்றியும் இங்கே எழுதமாட்டேன். உங்கள் மகள் இதைப் படிப்பாள்.

'மணிச்சித்ரத்தாழ்' செய்தி நினைவிருக்கிறதா? 1993இல் வந்த மலையாளப் படம். நாகவல்லியாக ஷோபனா பேசும் தமிழ், டப்பிங் கலைஞர் துர்காவின் குரல் என்று இயக்குநர் பாசில் 2016இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். அன்று தேநீர் இடைவேளையில் நீங்கள் சிரித்தீர்கள். "பரவாயில்லை, உயிரோட இருக்கும்போதே சொல்லிட்டாங்க" என்றீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. தொண்டைக்கட்டு, தொண்டைக்கட்டு என்று ஐந்து மாதம் ஊரை ஏமாற்றினீர்கள். எனக்கு ஹெட்போனில் கேட்டது, அக்கா. நீண்ட வசனத்தின் நடுவே மூச்சு அறுந்தது. "ரெண்டு டேக்கையும் சேத்துடு தம்பி, யாருக்கும் தெரிய வேணாம்" என்றீர்கள், சேர்த்தேன். அறுந்த மூச்சை நான் ஒரே மூச்சாக்கி அனுப்பியிருக்காவிட்டால், யாராவது ஒருவர் குரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார். என்னை உடந்தையாக்கிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். வாய்ப்புப் போய்விடும் என்று பயந்தீர்கள் என்பது புரிகிறது. புரிந்தாலும் கோபம் போகவில்லை.

ஃபிலிம் காலத்தில் ஒரே மைக்கைச் சுற்றி எல்லோரும் நின்று பேசுவீர்கள் என்றும், ஒருவர் பிசகினால் மொத்தமும் முதலிலிருந்து என்றும் அடிக்கடி சொல்வீர்கள். இப்போது ஒவ்வொருவரும் தனியாக வந்து தங்கள் டிராக்கைப் பேசிவிட்டுப் போகிறார்கள். நான்கு ஆண்டுகள் திரையில் உங்களோடு சண்டையிட்ட மாமியார் குரலம்மா, உங்களை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லையாம். துக்கம் கேட்க வந்தவர்கள் குறைவு என்று உங்கள் மகள் வருத்தப்பட்டபோது, நான் இதைத்தான் சொன்னேன். வராதவர்களில் நானும் ஒருவன் என்பதை அப்போது சொல்லவில்லை.

போன மாதம் அவள் ஒன்று கேட்டாள்: "அம்மா அம்மாவாவே பேசினது ஏதாவது இருக்கா அண்ணா?" ஏறத்தாழ அறுநூறு பகுதிகளுக்கு உங்கள் குரல் என்னிடம் இருந்தது, எல்லாவற்றிலும் அந்தக் கதாநாயகிதான் பேசுகிறாள். டேக்குகளுக்கு நடுவே நீங்கள் இருமியது, தண்ணீர் கேட்டது, என்னைத் திட்டியது எல்லாவற்றையும் அன்றன்றே வெட்டி எறிந்தவன் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இருபது இரவுகள் தேடியதில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. நான் சோம்பலில் வெட்டாமல் விட்ட ஒன்பது நொடி. "தம்பி, ஏசியைப் போடு, வேகுது. மணி நாலாயிடுச்சா? பாப்பா ஸ்கூல்லேர்ந்து வந்துருப்பா." அதன் பிறகு ஏசி ஓடத் தொடங்கும் சத்தம்.

நிறுவனத்தின் ஒலிப்பதிவை வெளியே கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இன்று மாலை அதை அவளுக்கு அனுப்புகிறேன். இரைச்சலை நீக்கவில்லை.

தம்பி