சேகருக்கு, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

அல்சூர், பெங்களூரு

சேகர்,

செல்வம் நேற்று போன் பண்ணினான். ஆனேக்கல் நிலத்தில் தைல மரத்தையும் சில்வர் ஓக்கையும் வெட்ட ஆள் பேசியாகிவிட்டது, மரத்தைச் சில்லாக அரைக்கும் சிப்பர் இயந்திரம் வாடகைக்கு வருகிறது, ‘300 கிலோ தாங்கும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒற்றைச் சக்கர வண்டிகளை நீ மொத்தமாக வாங்கப்போகிறாய் என்றான். அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய், அப்புறம் நீ பெயின்ட் பார்த்து மயங்கி வாங்கிய அந்தப் பச்சை மொபெட்டின் கதைதான். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள். சில்லும் தடியும் ஒரே மரத்திலிருந்து வந்தாலும் வண்டிக்கு அவை இரண்டு வேறு சரக்கு. புதிதாக அரைத்த சில்லு ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ அளவில்தான் இருக்கும். 100 லிட்டர் தொட்டியைக் கோபுரமாக நிரப்பினாலும் நாற்பது கிலோவைத் தாண்டாது. பச்சைத் தைலத் தடியோ கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன். ஒரு அடி விட்டம், இரண்டு மீட்டர் நீளம் என்றால் ஒரே தடி 140 கிலோவுக்கு மேல். விட்டம் இரண்டு அடியானால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. சில்லுக்குத் தேவை கொள்ளளவு. தடிக்குத் தேவை சட்டமும் அச்சும். இரண்டையும் ஒரே வண்டியில் தேடினால் சில்லுக்குப் பத்தாத, தடிக்குத் தாங்காத வண்டிதான் கிடைக்கும்.

அந்த 300 கிலோ ஸ்டிக்கரையே எடுத்துக்கொள். ஒற்றைச் சக்கர வண்டியில் பாரத்தின் மையம் சக்கர அச்சிலிருந்து 45 செ.மீ., கைப்பிடி 135 செ.மீ. தூரத்தில் இருந்தால், 90 கிலோ ஏற்றியவனின் கையில் 30 கிலோ விழும். பாரம் 15 செ.மீ. பின்னால் நகர்ந்தாலே அது 40 ஆகிவிடும். 300 கிலோ ஏற்றினால் 100 கிலோவைத் தூக்கிக்கொண்டு, மேடு பள்ளத்தில் சாயாமலும் பிடித்துக்கொண்டு யார் நடப்பது? இரும்பு தாங்கலாம், உன் ஆள் தாங்கமாட்டான். தடித் துண்டுகளுக்கு இந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

சில்லுக்கு இரட்டைச் சக்கர வண்டி போடு. அச்சு தொட்டியின் நடுவுக்குச் சற்றே முன்னால், அதாவது தள்ளுகிறவனை விட்டு விலகி வரட்டும். கையில் கொஞ்சம் எடை இருக்க வேண்டும், நிறைய இருக்கக் கூடாது. 300 லிட்டர் கொள்ளளவு போதும், நூறு கிலோவுக்குள் அடங்கும். அகலத்தை உன் சின்ன கேட்டை அளந்துவிட்டு முடிவு செய். ஈரச் சில்லு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும், மணல் மாதிரி சரியாது. தொட்டி 50 டிகிரிக்கு மேல் சாய வேண்டும், முன்பலகை மேல் கீலில் தொங்கித் திறக்க வேண்டும். கீழ்க் கீல் வைத்தால் கொட்டிய குவியலே பலகையை அடைத்துக்கொள்ளும். அள்ளுவதற்கு மண்வெட்டி கொடுக்காதே, நெருக்கமான பல் வைத்த முள்வாரி கொடு. அலகு சில்லுக்குள் இறங்காது, முள் இறங்கும்.

தொட்டி இரும்பா பிளாஸ்டிக்கா என்று செல்வத்திடம் கேட்டாயாமே. சில்லை மட்டும் ஏற்றுவதானால் தடித்த கறுப்பு ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் நல்லது. தைலச் சில்லின் ஈரம் புளிப்பானது, துவர்ப்புச் சத்தும் உண்டு, தகட்டைச் சீக்கிரம் அரிக்கும். இரும்பேதான் வேண்டுமென்றால் 14 கேஜ், அதாவது 2 மி.மீ. தகடு. அடியில் வடிகால் துளை போட்டு, மாலையில் கவிழ்த்து வைக்கச் சொல். இரவு முழுக்கச் சில்லோடு நிற்கும் வண்டிதான் முதலில் ஓட்டையாகும்.

இனி சக்கரம். இதில்தான் பணம் போட வேண்டும். 4.00-8 அளவு டயர் வரும்படி கேள். நம்ம ஊர் ஆட்டோ டயர் அளவு அது. டயரும் டியூபும் ஆனேக்கல் பஞ்சர் கடையிலேயே கிடைக்கும். கடைக்காரர் காட்டும் மெல்லிய வெளிநாட்டுச் சக்கரம் வெடித்தால் வண்டியே மூலையில் கிடக்கும். காற்று அடிக்கும்போது பக்கத்திலேயே நில். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவைத் தாண்ட விடாதே, தள்ளுவண்டி டயருக்குப் பெரும்பாலும் 30 பி.எஸ்.ஐ.தான். ஆட்டோ ரிம் இரண்டு பாதியை போல்ட் போட்டு இணைத்தது. காற்றை முழுக்க இறக்காமல் அந்த நட்டைத் தொடவே கூடாது, பாதி ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும். இதை உன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் நீயே சொல், மேஸ்திரி சொல்வான் என்று விடாதே. வேலி ஓரம் சீமைக்கருவேல முள் இருக்கிறது என்றால் உள்ளே காற்றுக்குப் பதில் பி.யூ. ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) நிரப்பிய டயர் வாங்கலாம். கட்டி ரப்பர் வேண்டாம், ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியும் நேரே பேரிங்குக்குப் போகும்.

வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பார். சக்கரத்தைச் சுழற்று, பிறகு டயரை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு. டக் டக் என்றால் உள்ளே பிளாஸ்டிக் புஷ், ஒரு மழைக்குக்கூட நிற்காது. 6204 அல்லது 6205 என்று எண் போட்ட பேரிங், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டது வேண்டும். ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அடுத்து, தொட்டியைப் பிடிக்கும் போல்ட். அடியில் அகலமான வாஷர் இல்லாவிட்டால் போல்ட் தலை தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நட்டு நைலாக் ஆக, அதாவது அதிர்ந்தாலும் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்ததாக இருக்கட்டும். கைப்பிடிக் குழாய் வண்டியின் காலோடு சேரும் வெல்டிங்கை விரலால் தடவு. அங்கங்கே புள்ளி வைத்திருந்தால் விரிசல் அந்தப் புள்ளியின் ஓரத்தில்தான் தொடங்கும். சுற்றிலும் முழு வெல்டிங் வேண்டும். குழாய் ஒரு அங்குல பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்), சுவர் 3.2 மி.மீ. திறந்த குழாய் முனையில் மூடி போடச் சொல். மழைத் தண்ணீர் உள்ளே தேங்கினால் வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே இற்றுப்போகும். நீ பெயின்ட் பார்த்து மயங்குகிறவன், அதனால் சொல்கிறேன்.

தடிக்கு, பீன்யா பட்டறை ஒன்றில் லாக் ஆர்ச் என்ற தடி இழுக்கும் வண்டியை அடித்து வாங்கு. இரண்டு பெரிய சக்கரம், நடுவே வளைவு, அதிலிருந்து தொங்கும் இடுக்கி. தடியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு மறுமுனையை இழுத்துப் போகும் அமைப்பு. பாதி எடை தரையில் இருப்பதால் இறக்கத்தில் அதுவே பிரேக் போலப் பிடிக்கும். ஆனாலும் முன்னால் நின்று இறக்கத்தில் இழுக்கவே கூடாது. சங்கிலி பளு தூக்குவதற்கென்றே செய்த கிரேடு 80, 8 மி.மீ. நேராகத் தூக்கினால் 2 டன். சுருக்குப் போட்டுக் கட்டினால் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள். ஹார்டுவேர் கடையின் கேட் சங்கிலி வேண்டாம்.

டிராக்டர் டிரெய்லரைப் பற்றி எனக்கு உண்மையான பயம் ஒன்று. தடியை அச்சுக்குச் சற்று முன்பக்கமாக எடை வரும்படி அடுக்கு. பின்னால் போனால் கொக்கி டிராக்டரின் பின்சக்கரத்தைத் தூக்கும், பிடிப்பும் பிரேக்கும் போய்விடும். முன்னால் அதிகம் போனாலோ, ஏற்றத்தில் முன்சக்கரம் கிளம்பும். இரண்டு பக்கமும் இரும்புத் தூண், தடி அதன் உயரத்தைத் தாண்டாமல், 50 மி.மீ. ராட்செட் பெல்ட். கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசி, கூடவே தனிச் சங்கிலி. டிராக்டரின் இரண்டு பிரேக் பெடலையும் சேர்க்கும் கொண்டி ரோட்டில் மாட்டியே இருக்க வேண்டும். வயலில் திரும்ப வசதி என்று டிரைவர்கள் கழற்றி விடுவார்கள். அப்படியே ரோட்டில் பாரத்தோடு ஒரு பக்கம் மட்டும் மிதித்தால் வண்டி சுழன்று கவிழும். பையன் முரளி டிராக்டர் ஓட்டக் கற்கிறான் என்று தங்கச்சி சொன்னாள். இந்தப் பாராவை அவனிடம் படித்துக் காட்டு. இறக்கத்தில் சின்ன கியரில் இறங்க வேண்டும், கிளட்சை மிதிக்கவே கூடாது.

சில்வர் ஓக் சில்லு சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், முழுக்கை சட்டையும் கையுறையும் கொடு. பழைய குவியலைக் கிளறும்போது முகமூடி வேண்டும், அதன் பூஞ்சைத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

கேட்டின் அகலம், கிணற்றடிச் சரிவின் அளவு, உன்னிடம் உள்ள மிகப் பெரிய மரத்தின் சுற்றளவு, மூன்றையும் செல்வத்திடம் கொடுத்தனுப்பு. சனிக்கிழமைக்குள் வந்தால் அச்சின் தடிமனைக் கணக்குப் போட்டுப் பட்டறைக்கு வரைபடம் தந்துவிடலாம். கடைக்காரரிடம் திங்கட்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லி வை.

உன்
பாலு